இரட்டை ஏரா

வலைப்பாட்டுக் கரையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தேன்.
விரல் முழுக்கச் சாதாளை.
போன் அதிர்ந்தது, முழங்கையால் தட்டித் திறந்தேன்.
றெக்சன், நோர்வேயிலிருந்து.
"அக்கா, ரெண்டு படகு அனுப்பியிருக்கிறன். பார்."

படகை ஆரடா போனில் அனுப்புறது?

ஒன்று நீலம், முப்பத்திநாலு அடி.
மற்றது வெள்ளையாய் இருந்து மஞ்சளானது,
இரண்டடி குறைவு.
இரண்டிலும் பாய், இரண்டிலும் இயந்திரம்,
அடுப்பு, கக்கூஸ், ஆறு பேர் படுக்க மெத்தை.
"நீங்கள் ரெண்டு பேர்தானே" என்றேன்.
"அவளுக்கும் கடல் எண்டால் சத்தி எண்டாய்."
"அது பழகிடும் அக்கா."
விலை சொன்னான்.
அதை மண்ணெண்ணெய் லீற்றராக்கிப் பார்த்தேன்.
எங்கள் வள்ளம் பன்னிரண்டு வருசம் ஓடும்.

நீலத்துக்கு ஏரா ஒன்று, இரண்டு மீற்றர் ஆழம்.
கத்தி மாதிரிக் காத்துக்கு முகம் கொடுத்து ஏறுமாம்.
மஞ்சளுக்கு ஏரா இரண்டு, இரண்டும் கட்டை,
ஒரு மீற்றரும் இல்லை.
தண்ணி வத்தினால்
கொக்கு மாதிரி ஆனால் இரண்டு காலிலும் நிற்குமாம்.

படத்தைப் பெரிதாக்கினேன்.
நீலத்தில் எல்லாம் புதிசு, கயிறுகூட.
படம் எடுக்கவென்று சுற்றி வைத்த கயிறு.
அவசரத்துக்கு இழுத்தால் சிக்கும், எனக்குத் தெரியும்:
மண்ணெண்ணெய் வராத அந்த வருசம்
யூரியாப் பை தைத்துப் பாய் ஏற்றின ஆட்கள்
நானும் தனிஸ்லாசும்.

மஞ்சளின் பாயில், ஓரமாய், ஒரு கிழிசல்.
ஆரோ தைத்திருக்கிறான், மெசினில் இல்லை,
கையால்,
தையலுக்குத் தையல் ஒரு நெல்லு இடைவெளி.
"அந்த மனிசன் காத்துக்குப் பயந்தவன்.
பயந்தவனிட்ட வாங்கு."

"மேல்தட்டு ஊறிப்போச்சாம் அக்கா,
சோதிக்க வந்தவர் சொன்னவர்.
எதிர்க்காத்தில நண்டு மாதிரிப் பக்கவாட்டில போகுமாம்."
சாக்குக்குள் கைவிட்டுக்கொண்டே சொன்னேன்:
"நண்டும் போய்ச் சேருதுதானே."

சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது.

இரண்டு மீற்றர் ஆழம் வேண்டுமென்றால்
எங்கள் கரையில், வத்தில்,
அரை மைல் நடக்கவேணும்.
அதை நான் சொல்லவில்லை.
மஞ்சள் நல்லது என்றேன்.
ஊறின தட்டைக் காயவைக்கலாம் என்றேன்.
பிறகும் ஒருக்கா, மஞ்சள் நல்லது என்றேன்.

அவன் பேசாமல் இருந்தபோதுதான்
அந்தச் சத்தம் கேட்டது.
ணிங், ணிங், ணிங்.
கம்பி மாதிரி இறுகின கயிறு
தகர மரத்தில் அடிக்கிற சத்தம்.

"எங்க நிக்கிறாய்?"
"துறையில."
"துறையில எதில?"
ணிங், ணிங்.
"நீலத்தில. வெள்ளிக்கிழமை முற்பணம் குடுத்திட்டன்."

ஒரு நண்டு பெருவிரலைக் கவ்வியது.
அதற்குத்தான் கத்தினேன்,
வேறொன்றுக்கும் இல்லை.
"என்ன அக்கா?" என்றான்.
"நண்டு."

பிறகு படகின் பெயரைக் கேட்டேன்.
அவங்கட பாசையில் ஏதோ சொன்னான், குருவி என்று கருத்தாம்.
மாத்தாதே, அந்தக் கயிறெல்லாவற்றையும்
ஒருக்கா அவிழ்த்துத் திரும்பச் சுற்று என்றேன்.
எங்கெங்கே போவாய் என்றேன்.
இடம் இடமாய்ச் சொன்னான், வாயில் நுழையாத பெயர்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஆழம் கேட்டேன்.
எல்லாம் மனப்பாடமாய் வைத்திருந்தான்.

காசு முடிந்தோ சிக்னல் விட்டோ குரல் நின்றது.
போனைப் பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு முடிந்து
சட்டைக்குள் வைத்தேன்.
தனிஸ்லாஸ் கடையாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்,
நான் அணியத்துக்குப் போனேன்.
ஆர் என்று கேட்டார். தம்பி, படகு வாங்கிட்டான் என்றேன்.
"எது?"
"ஆழமானது."

வள்ளத்தை இறக்கினோம்.
முழங்கால் தண்ணி.
தள்ளித் தள்ளி நெடுந்தூரம் போனோம்,
இன்னும் முழங்கால் தண்ணிதான்.